அளவும் களவும்

நிறுப்பவரை நம்பாத குடும்பத்தில் பிறந்தவன் நான். மாத்தளை மாவட்டத்திலே, ரத்தோட்டைக்கு அப்பால், மலைச்சரிவில் அமைந்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அக்குணம் எளிதில் வாய்க்கும். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் தாயார் கூடையை இறக்குவார். தராசின் முள் ஓர் எண்ணைக் காட்டும். கணக்குப் புத்தகத்தில் வேறோர் எண் ஏறும். ஈரத்துக்கு இத்தனை இறாத்தல், கூடைக்கு இத்தனை இறாத்தல் என்று கழிவு போய்விடும். அக்கழிவினால் முழுப்பேர் அரைப்பேராகிவிட்ட நாள்களும் உண்டு. எழுத்தறியாத அவர், விரல்களை மடக்கி எண்ணியபடியே லயத்துக்குத் திரும்பி நடப்பார். அந்த விரல்களைப் பார்த்துத்தான் எனக்குக் கணக்கின் மேல் நாட்டம் பிறந்தது; பிற்காலத்தில் கணித ஆசிரியனாகவும் ஆனேன்.

அத்தகைய நான், எழுபது வயதிலே, கணக்குப் போடாமல் ஒருவரைக் கள்வர் என்று எண்ணிய கதையை இங்கே சொல்லப் போகிறேன். வாசகர்கள் நகைக்கலாம். ஆயினும் மாணவர்களுக்கு இதில் ஒன்றிரண்டு பயனுள்ள செய்திகள் கிடைக்கும் என்ற நம்பிக்கையாலேயே எழுதத் துணிந்தேன்.

என் தம்பி 1984ஆம் ஆண்டில் பிழைப்புத் தேடி நாட்டை விட்டுச் சென்றான். முதலில் வளைகுடா நாடு, பின்னர் கனடா. தாயாருக்குக் கடிதம் எழுதத் தெரியாது. ஆகவே, அந்நாளில் பல குடும்பங்கள் செய்தது போல, ஒலிநாடாவிலே பேசி அனுப்பிவந்தார். ஒரு மணி நேரம் ஓடும் நாடா. அது முழுவதும் அவர் பேச்சுத்தான். “சின்னவனே, சாப்பிட்டியாப்பா?” என்று தொடங்குவார். பசு கன்று ஈன்றது, பக்கத்து லயத்தில் கலியாணம் நடந்தது, மழை பெய்து கூரை ஒழுகியது என்று ஒன்று விடாமல் சொல்லி, இடையே ஒரு பாட்டும் பாடி முடிப்பார். இப்படியாக 46 நாடாக்கள் கடல் கடந்து சென்றன. தம்பி அவற்றுள் ஒன்றையேனும் எறிந்தானில்லை. இரண்டு தகரப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தான். தாயார் மறைந்தார், பின்பு தம்பியும் மறைந்தான். டொரொன்டோவில் இருக்கும் அவன் மகன் அந்நாடாக்களையெல்லாம் கணினியில் ஏற்றினான். அவற்றோடு உறவினர் வீட்டுத் திருமணங்கள், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பஞ்சரத பவனி, பழைய புகைப்படங்கள் ஆகிய அனைத்தையும் பல வீடுகளிலிருந்து திரட்டி ஒன்றாகச் சேர்த்தான்.

ஒருநாள் மாலை தொலைபேசியில் அழைத்தான்.

“பெரியப்பா, எல்லாம் சேர்ந்து 960 கிகாபைட்டு வருகிறது. என்னுடைய வன்தட்டை ஓர் உறவினர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் மூன்று நாள்தான் கண்டியில் தங்குவார். திரும்பும்போது தட்டையும் கொண்டுவந்துவிட வேண்டும். நீங்கள் ஒரு டெராபைட்டு வன்தட்டு ஒன்று வாங்கி அதில் படியெடுத்துக்கொள்ளுங்கள். இடம் போதும்.”

இணையத்தின் வழியாகவே அனுப்பிவிடக் கூடாதா என்று கேட்கலாம். நானும் அதையே கேட்டேன். இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். கோப்பின் அளவையோ பைட்டில் சொல்கிறார்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட்டு. ஆகவே நொடிக்கு 20 மெகாபிட்டு என்பது நொடிக்கு இரண்டரை மெகாபைட்டே. அவ்வேகத்தில் 960 கிகாபைட்டு வந்து சேர, இடைவிடாது ஓடினாலும், நான்கு நாளுக்கு மேல் ஆகும். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டிய எங்கள் வீட்டு இணைப்புக்கு அது எட்டாத காரியம். அளவுகளின் பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்து ஏமாற்றும் என்பதற்கு இதுவே எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. அதை நான் எச்சரிக்கையாகக் கொள்ளவில்லை.

நான் இப்போது வசிப்பது அலுவிகாரைக்கு அண்மையில். மறுநாள் காலை மாத்தளை நகருக்குச் சென்று ஒரு கடையில் வன்தட்டு வாங்கினேன். பெட்டியின் மேல் 1 டெராபைட்டு என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஒரு டெராபைட்டுக்கு 1000 கிகாபைட்டு. அவற்றுள் 960 போனால் 40 மிஞ்சும். மனம் நிறைந்து வீடு வந்தேன். கணினியில் பொருத்திப் பார்த்தபோது திரையில் தெரிந்த எண் 931.

ஆயிரத்தில் 69ஐக் காணோம்! என் கண்முன் வந்து நின்றது கொழுந்து நிறுக்கும் தராசு. ஈரத்துக்கு இத்தனை, கூடைக்கு இத்தனை! உடனே அடுத்த பேருந்தில் ஏறிக் கடைக்குத் திரும்பினேன்.

“தம்பி, ஆயிரம் என்று சொல்லி 931 கொடுத்திருக்கிறீர்களே, இது என்ன நியாயம்?”

“சேர், எந்தத் தட்டை வாங்கினாலும் இப்படித்தான் காட்டும்.”

“எல்லாரும் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதற்காக நீங்களும் குறைத்துக் கொடுக்கலாமா?”

அந்த இளைஞர் வேறு இரண்டு தட்டுகளைப் பிரித்துப் பொருத்திக் காட்டினார். அவையும் 931 என்றே காட்டின. ஏன் என்று விளக்க அவருக்குத் தெரியவில்லை. கேட்டறிய எனக்குப் பொறுமை இல்லை. கடையிலே நின்றிருந்த நாலு பேர் முன்னிலையில் கடுஞ்சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியேறினேன். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

வீட்டில் அமர்ந்து தம்பி மகன் அனுப்பியிருந்த பட்டியலை எடுத்தேன். 960 இருக்கிறது, இடமோ 931. எனவே 29 கிகாபைட்டை விலக்கியாக வேண்டும். எதை விலக்குவது? திருமணப் படங்களை விலக்கினால் அவ்வவ் வீட்டார் மனம் வருந்துவர். தேர்த் திருவிழாவை விலக்க மனம் ஒப்பவில்லை. பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது: ‘அப்பத்தாவின் நாடாக்கள், 29.2 கிகாபைட்டு.’ ஒரு மணி நேரப் பேச்சை, ஓசை குன்றாமல் இசைத்தட்டின் தரத்தில் பதிந்தால் 635 மெகாபைட்டு பிடிக்கும். 46 நாடாவுக்கு 29.2 கிகாபைட்டு. தேவையான அளவுக்குச் சரியாக வந்தது. இரைச்சல் மிகுந்த பழைய பேச்சு; இக்காலப் பிள்ளைகள் யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். தம்பி மகனிடம் ஒரு பிரதி இருக்கிறதே என்றும் ஆறுதல் கொண்டேன். சிவப்புப் பென்சிலால் அவ்வரியை அடித்தேன். அடித்தபின் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. உறவினர் வந்து வன்தட்டைக் கொடுத்துச் சென்றார். உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் என் பேத்தி அதைக் கணினியில் பொருத்தினாள். மொத்தம் எவ்வளவு என்று பார்த்தோம். 894 என்று காட்டியது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “960 என்றானே! 66 கிகாபைட்டு வழியிலேயே தொலைந்துவிட்டதா?” என்று பதறினேன்.

பேத்தி சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அமைதியாக ஒரு கேள்வி கேட்டாள்.

“தாத்தா, ஒரு அந்தர் எத்தனை இறாத்தல்?”

“112.”

“அதன் ஆங்கிலப் பெயருக்கு என்ன பொருள்?”

“நூறு நிறை என்று பொருள்.”

“நூறு என்று பெயர் வைத்துவிட்டு 112 நிறுக்கிறார்களே, அது களவா?”

நான் வாயடைத்துப் போனேன். அந்தர் என்பது 112 இறாத்தல் என்றும், அமெரிக்கர் அதே பெயரால் 100 இறாத்தலையே குறிப்பர் என்றும், அதனாலேயே இங்கிலாந்தின் டன் 2240 இறாத்தலாகவும் அமெரிக்காவின் டன் 2000 இறாத்தலாகவும் இருக்கின்றன என்றும் எத்தனையோ மாணவர்களுக்கு நானே கற்பித்திருக்கிறேன். பெயர் ஒன்று, அளவு இரண்டு. வன்தட்டின் கதையும் அதுவே என்று பேத்தி விளக்கினாள். அவள் சொன்னதை என் நடையில் தருகிறேன்.

கிலோ என்பது ஆயிரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிலோ, மெகா, கிகா, டெரா, பெட்டா என்று ஒவ்வொரு படிக்கும் ஆயிரம் மடங்கு ஏறிக்கொண்டே போகும். நம் வழக்கில் சொன்னால் ஒரு கிகாபைட்டு நூறு கோடி பைட்டு. ஒரு டெராபைட்டு ஒரு இலட்சம் கோடி பைட்டு. ஒரு பெட்டாபைட்டு பத்துக் கோடி கோடி பைட்டு. வன்தட்டுச் செய்வோர் இக்கணக்கையே கொள்கின்றனர்.

ஆனால் கணினியின் உள்ளே நடப்பது துவித எண் முறை. அங்கே எல்லாம் இரட்டித்தே பெருகும். நினைவகத்தின் அறைகளைச் சுட்டுவதற்கு ஒரு கம்பி இருந்தால் இரண்டு அறை, இரண்டு கம்பிக்கு நான்கு, மூன்றுக்கு எட்டு, பத்துக் கம்பிக்கு 1024. ஆயிரத்துக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டதே என்று பழைய பொறியியலாளர்கள் 1024ஐயும் கிலோ என்றே அழைத்துவிட்டார்கள். அந்நாளில் நூற்றுக்கு இரண்டரை வீதம்கூட வேறுபாடு இல்லை; யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் வட்டிக்கு வட்டி ஏறுவது போல, படி ஏற ஏற வேறுபாடும் ஏறியது. மெகாவில் நூற்றுக்கு 4.9, கிகாவில் 7.4, டெராவில் ஏறக்குறைய 10, பெட்டாவில் 12.6. சிறு பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத பிழை, பெரிய களஞ்சியத்தில் பூதமாக எழுந்து நிற்கிறது.

எங்கள் வீட்டிலுள்ள விண்டோஸ் கணினி 1024ஐக் கொண்டே வகுக்கிறது. ஆயினும் விடையைக் கிகாபைட்டு என்றே எழுதுகிறது. தம்பி மகன் வைத்திருப்பது மேக் கணினி. அது 2009ஆம் ஆண்டு முதல் 1000ஐக் கொண்டு வகுக்கிறது. அவனுடைய 960ஐ எங்கள் அளவுக்கு மாற்றவேண்டுமானால், 1000ஆல் மும்முறை பெருக்கிப் பைட்டாக்கி, 1024ஆல் மும்முறை வகுக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் 0.9313ஆல் பெருக்க வேண்டும். வருவது 894. என் தட்டின் ஆயிரத்தையும் அவ்வாறே பெருக்கினால் 931. தட்டு தன் கணக்கேட்டுக்கென எடுத்துக்கொள்ளும் சிறு இடம் போக, அவன் சொன்ன மிச்சம் 40ம், எங்கள் அளவில் 37ஆக, அப்படியே இருந்தது. ஒரு பைட்டும் தொலையவில்லை, ஒருவரும் களவாடவில்லை. டொரொன்டோவில் இறாத்தலில் நிறுத்ததை மாத்தளையில் கிலோவில் நிறுத்துவிட்டு, எண் குறைந்ததென்று அழுதிருக்கிறேன்!

இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் முயலாமல் இல்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1998ஆம் ஆண்டிலேயே 1024 கணக்குக்குத் தனிப்பெயர்களை வகுத்துவிட்டது. கிபிபைட்டு, மெபிபைட்டு, கிபிபைட்டு என்று தொடரும் அவ்வரிசையில், முதலாவதும் மூன்றாவதும் தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுவது நமக்கு வாய்த்த தனித் தொல்லை. கடைத்தெருவில் அப்பெயர்கள் இன்னும் வேரூன்றவில்லை. கடைக்காரரோடு மல்லுக்கு நின்றவனும் நான் மட்டும் அல்லன். அமெரிக்காவில் இதே காரணத்துக்காக வன்தட்டு நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2006, 2007 ஆண்டுகளில் இரண்டு வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. பழைய நெகிழ்தட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. 1.44 மெகாபைட்டு என்று எழுதப்பட்ட அதில் இருந்தவை 1,474,560 பைட்டுகள். அதாவது 1000ஐயும் 1024ஐயும் பெருக்கி ஒரு மெகாவாகக் கொண்டார்கள். இரண்டு அளவும் போதாதென்று மூன்றாவதாகவும் ஓர் அளவு!

இவையெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று எண்ணிவிடக் கூடாது. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் கனடாவிலே ஒரு பயணிகள் விமானம், கிலோவில் கணக்கிடவேண்டிய எரிபொருளை இறாத்தலுக்குரிய எண்ணால் கணக்கிட்டதனால், வேண்டியதில் பாதியளவே நிரப்பிக்கொண்டு புறப்பட்டது. நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானியின் திறமையால் கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் மிதந்து வந்து இறங்கியது, உயிர்ச்சேதம் இல்லை. எண்ணை மட்டும் பார்த்து அலகைப் பாராதவர் அனைவருக்கும் அத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை.

அலகுகளின் ஏணியும் நீண்டுகொண்டே போகிறது. பெட்டாவுக்கு மேல் எக்சா, செட்டா, யொட்டா. அவையும் போதாமல் 2022ஆம் ஆண்டில் உலக நிறை அளவை மாநாடு ரொன்னா, குவெட்டா என்று மேலும் இரு பெயர்களைச் சேர்த்தது. இன்று டெராபைட்டு நம் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. இன்றைய மாணவர் முதியவராகும் காலத்தில் பெட்டாபைட்டு வரலாம். அப்போது கணினி 909 என்று காட்டினால், ஆயிரத்தில் 91 எங்கே என்று அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அந்தரின் அந்த 112ஐ நினைத்துக்கொண்டால் போதும்.

திங்கட்கிழமை காலை மீண்டும் மாத்தளைக்குப் புறப்பட்டேன். பேருந்து அலுவிகாரைக் குன்றைக் கடந்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்திலே, அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டுவந்த பௌத்தத் திரிபிடகம் அங்கேதான் முதன்முதலாக எழுத்தில் ஏறியது. பஞ்சமும் போரும் வந்து, ஓதுவோர் மாண்டால் ஓதியதும் மாண்டுவிடுமே என்ற அச்சத்தால் துறவிகள் அதை ஓலையில் எழுதினர். பிற்காலத்தில், 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது, அங்கிருந்த சுவடிகள் அழிந்தன. ஆனால் பிரதிகள் வேறிடங்களிலும் இருந்ததனால் நூல் அழியவில்லை. எத்தனையோ முறை அவ்வழியே சென்றிருக்கிறேன். அன்றுதான் அக்குன்று எனக்கென்று ஒன்று சொல்வது போலிருந்தது. தாயாரின் குரலுக்கு ஒரே ஒரு பிரதி போதும் என்று நினைத்த என் அறியாமையை எண்ணி வெட்கினேன்.

கடைக்குள் நுழைந்ததும் அந்த இளைஞரின் முகம் சுருங்கியது. நான் அருகில் சென்று, “தம்பி, அன்று நான் சொன்னது தவறு. பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்றேன். அன்று நின்ற நாலு பேர் இன்று இல்லையே என்பதுதான் என் குறை. பேத்தி எழுதித் தந்த கணக்கை அவரிடம் கொடுத்தேன். அவர் இருமுறை படித்தார்.

“சேர், இதைச் சுவரில் ஒட்டலாமா? கிழமைக்கு ஒருவராவது வந்து கேட்கிறார்கள்.”

“ஒட்டுங்கள். எனக்கு இன்னொரு தட்டும் தாருங்கள். 931 காட்டுவதாகவே பார்த்துத் தாருங்கள்” என்றேன். இருவரும் சிரித்தோம்.

அன்றிரவு இரண்டு தட்டிலும் எல்லாம் ஏறி முடிந்தது. பேத்தி நாடாக்களுள் ஒன்றைத் திறந்தாள். முதலில் இரைச்சல், பிறகு கூரையில் மழைச் சத்தம், அதன் பிறகு அந்தக் குரல்.

“சின்னவனே, சாப்பிட்டியாப்பா? இன்னைக்கு இருவது கிலோ எடுத்தேன். புத்தகத்துல பதினாறுன்னு போட்டாங்க. கூடை ஒரு கிலோன்னா பத்தொன்பது வரணும். ஈரத்துக்கு ஒண்ணுன்னா பதினெட்டு வரணும். மிச்சம் ரெண்டு எங்கேன்னு கேட்டேன். பதில் சொல்லலே. நாளைக்கும் கேட்பேன்.”

பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டாள். என் கண்கள் நிறைந்துவிட்டன. எழுத்தறியாத என் தாயார், கழிவில் எது அளவு, எது களவு என்று விரல்விட்டுப் பிரித்து எண்ணிய பின்பே கேட்டிருக்கிறார். கணிதம் கற்பித்த நானோ கேட்டுவிட்டுப் பிறகு எண்ணியிருக்கிறேன்.

நாளை அந்த நாடாவை மறுபடி கேட்கப் போகிறோம். இன்னும் 45 இருக்கின்றன.